இஸ்திரிப் பெட்டிச் சின்னம்

திங்கட்கிழமை என்றால் ஊருக்கே எரிச்சல். எனக்கு மட்டும் ஒரு காலத்தில் வாரத்திலேயே நல்ல நாள் அதுதான். எங்கள் நகராட்சியில் கவுன்சிலரும் இல்லாமல், தலைவரும் இல்லாமல், உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் மட்டும் ஆண்டுகொண்டிருந்த வருஷங்கள் அவை. திங்கள்தோறும் காலையில் ஆபீஸில் மனு வாங்குவார்கள். நானும் என் சிநேகிதியும் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவோம். எங்கள் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் வேண்டும் என்கிற ஒரே மனு. தேதியை மட்டும் மாற்றி எழுதுவேன்.

கரையான்சாவடியிலிருந்து ஆவடி போகிற சாலைக்கு உள்ளே தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்னுடையது. சரியாக எந்த இடம் என்று சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன், தினமும் அந்த முகங்களில்தான் முழிக்கவேண்டும்.

நான் திண்டுக்கல் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் வேலை கிடைத்து வந்தவள். அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸிலேயே ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டேன். குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். ரிட்டயர் ஆனதும் சேமிப்பையெல்லாம் போட்டு இந்த ஃப்ளாட்டை வாங்கினோம். இங்கே கதவைத் திறந்து வைத்தால்தான் விசாரிப்பார்கள், "ஆன்ட்டி, கதவு திறந்திருக்கே, தெரியுமா?" என்று. குடிவந்த கொஞ்ச நாளிலேயே அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகள் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். "அங்க யாரும்மா இருக்கா உனக்கு? வித்துட்டு இங்க வந்துடு," என்பாள். வாராவாரம் இதே பல்லவி.

யாரும் இல்லை என்பது உண்மையில்லை. எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தாளே, அவள் இருந்தாள். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற சந்துதான் அவளுக்குப் பிறந்த இடம், வாழ்ந்த இடம் எல்லாம். புருஷன் எப்போதோ ஓடிப்போனவன். என்னைவிடச் சில வயது சின்னவள், வாய் மட்டும் எனக்குச் சமம். அவளை முதலில் பார்த்தது நகராட்சி ஆபீஸ் பெஞ்சில்தான். எங்கள் குடியிருப்பைக் கட்டும்போது மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்திவிட்டதால், மழை பெய்தால் தண்ணீர் முழுக்க அவர்கள் சந்துக்குள் போய் நிற்கும். மிச்சம் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும். இரண்டு பேரும் தனித்தனியாகக் கால்வாய் கேட்டு வந்திருந்தோம்.

"உங்க பில்டிங்கால தான் எங்க ஊட்டுக்குள்ள சாக்கடை வருது, தெரியுமா?" என்று எடுத்த எடுப்பில் சண்டைக்கு வந்தாள்.

"அதை நானா கட்டினேன்? கட்டினவன்கிட்ட போய் கேளு," என்றேன்.

"அவன் எங்க கீறான்? நீதான கீற!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது சேர்ந்து நடந்தோம். அதிலிருந்து திங்கட்கிழமை எங்களுடையதாகிவிட்டது. கரி மூட்டாமல் வண்டியைச் சாக்கால் மூடிவிட்டுக் கீழே நின்று, "யக்கா, வர்றியா, இல்ல தூங்கிகினு கீறியா?" என்று அவள் போடுகிற சத்தத்தில் மூன்றாவது மாடிவரை எழுந்துகொள்ளும். மனுவைக் கொடுப்போம். "ஆவன செய்யப்படும்" என்பார்கள். திரும்பி வரும்போது கரையான்சாவடி முனையில் பஜ்ஜியும் டீயும். அவள் வாழைக்காய், நான் வெங்காயம். என் வீட்டுக்காரர் குறட்டை விட்டதைப் பற்றிக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். மகளிடம் சொன்னதில்லை.

கால்வாய் வரவில்லை. அதிகாரி மாறுவார், புதியவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அந்த அதிகாரிகள் ஆட்சியில் ஒரு நன்மையும் நடக்கவில்லை என்று பேப்பரில் எழுதுவார்கள், சரிதான். ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. வருகிற அதிகாரிக்கு என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் கவலையில்லை. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு என்றார்கள். இரண்டு நாளில் சுவரெல்லாம் வெள்ளையடித்தாகிவிட்டது. சந்தில் தண்ணி லாரி வைத்திருந்த ஒருவர், அங்கே எல்லாருக்கும் அண்ணாத்தே, தன் மனைவியை நிறுத்தினார். கவுன்சிலரே இல்லாத காலத்திலும் சந்தில் எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அவர் சொன்னால்தான். அந்தம்மா பாவம், மனுத்தாக்கலுக்குப் போகும்போதுகூட இடுப்பில் சாவிக்கொத்தோடு புருஷனுக்குப் பின்னால் நடந்தது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துச் செயலாளரும் இன்னும் சிலரும் என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், ஒருவர் நெல்லை, ஒருவர் கோவை, ஒருவர் கும்பகோணம். "மேடம், படிச்சவங்க ஒதுங்கி ஒதுங்கித்தான் நாடு இப்படி இருக்கு. நீங்க நில்லுங்க. உங்களுக்குத் தைரியம் இருக்கு, நேரமும் இருக்கு. நம்ம குடியிருப்பு ஓட்டு மட்டும் விழுந்தாலே போதும், ஜெயிச்சிடலாம்," என்றார்கள்.

எனக்கு அரசியல் ஆசை சத்தியமாகக் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் போன துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் சோபா நிறைந்தது. இருக்கிற டம்ளர் போதாமல் எவர்சில்வர் டபராவை எடுத்துத் துடைத்தேன். ஒருவர் இரண்டாவது காபி கேட்டார். அதில் மயங்கிவிட்டேன், வேறென்ன! சரி என்றேன்.

கீழே போய் அவளிடம்தான் முதலில் சொன்னேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அண்ணாத்தே சம்சாரத்துக்கு எதிராவா?"

"ஆமா."

"யக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ நின்னா நான் உன்கூடத்தான் வருவேன். நான் உன்கூட வந்தா அப்பால இந்த வண்டி இங்க நிக்காது. அண்ணாத்தேவ எனக்குத் தெரியும். சின்ன வயசுல எங்க ஊட்டுல சோறு துன்னவரு தான், ஆனா எதிர்த்து நின்னா மறக்கமாட்டாரு."

"அப்ப நான் நிக்கல. போய்ச் சொல்லிடறேன்," என்றேன்.

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறிப் போட்டாள். காலரில் தண்ணீர் தெளித்தாள். "நில்லு," என்றாள். "எத்தினி வருசமா மனு குடுக்கறோம். வாங்கறவன் மூஞ்சி மட்டும் மாறுது. ஒரு வாட்டி நீயே அந்தச் சேர்ல ஒக்காரு. நான் வந்து உன்கிட்ட மனு குடுக்கறேன், நீ ஆவன செய்றேன்னு சொல்லு. வண்டி நிக்கறதும் போறதும் அப்பால பாத்துக்கலாம்."

சின்னம் கேட்கும்போது தையல் இயந்திரத்தைத்தான் முதலில் எழுதினேன். நான் மிதித்த மிதிக்கு அதுதானே நியாயம்? அதையே இன்னொரு சுயேச்சையும் கேட்க, குலுக்கலில் அவருக்குப் போய்விட்டது. இரண்டாவதாக அவள் சொல்லி எழுதியது இஸ்திரிப் பெட்டி. அது கிடைத்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர் யார் வந்தாலும் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "இத பாத்துக்கோ, இதாண்ட தான் குத்தணும்," என்பாள். வண்டியில் என் நோட்டீஸை ஒட்டி வைத்தாள். இஸ்திரி போட்ட துணிக் கட்டுக்குள்ளும் ஒன்றைச் செருகி அனுப்பினாள்.

குடியிருப்பில் வீடு வீடாகப் போனேன். அதுவரை லிஃப்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "ஆன்ட்டி, எங்க சப்போர்ட் முழுக்க உங்களுக்குத்தான்," என்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் கைதட்டுகிற பொம்மை, பூங்கொத்து, கொடி. நான் சொல்கிறேன், அந்தச் சில வாரங்கள் மாதிரி என் வாழ்க்கையில் இல்லை. ஏழாவது மாடிக்காரி பாயசம் கொடுத்தனுப்பினாள். ஒரு பெண்குழந்தை என்னைப் பார்த்து "கவுன்சிலர் பாட்டி" என்று கத்தியது. ராத்திரி படுக்கும்போது என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, நான் தனியா இல்ல," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பேன்.

சந்துக்குள் நான் போகவில்லை. அவள் போகவேண்டாம் என்றாள். "நீ வந்தா அவுங்க ஆளுங்க கூடவே வருவாங்க. ஜனம் பயப்படும். நான் பாத்துக்கறேன்," என்றாள். அண்ணாத்தே தரப்பில் சந்தில் வீட்டுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். இவளுக்கும் வந்தது. வாங்கிக்கொண்டாயா என்று கோபமாகக் கேட்டேன்.

"ஏன் வாங்கக் கூடாது? சோறு சூடா கீது. அதுக்கும் ஓட்டுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள்.

ஓட்டுப் பதிவு அன்றைக்குக் காலையில் குளித்து, இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு லிஃப்டுக்கு வந்தேன். லிஃப்ட் திறந்தால் உள்ளே செயலாளர், அவர் மனைவி, பிள்ளைகள், இரண்டு டிராலி பெட்டி, ஒரு கட்டைப்பை.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு மேடம். லீவு சேர்ந்தாப்பல வருதுல்ல. சாயங்காலத்துக்குள்ள போயிடணும்."

"ஓட்டுப் போட்டாச்சா அதுக்குள்ள?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "எங்க ஓட்டு ஊர்லதான மேடம் இருக்கு. இங்க மாத்தவே இல்லையே," என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார், அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "ஆனா மனசெல்லாம் உங்க பக்கம்தான். ஆல் தி பெஸ்ட் மேடம்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கீழே இறங்கிப் பார்க்கிறேன், கார் நிறுத்துமிடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நெல்லைக்காரர் நெல்லையில். கோவைக்காரர் கோவையில். எல்லாரும் சொந்த ஊர் ஓட்டைக் குலதெய்வம் மாதிரி அங்கேயே வைத்துவிட்டு இங்கே வந்து வீடு வாங்கியிருக்கிறார்கள். என்னை நிற்கச் சொன்ன எவனுக்கும் அது தோன்றவில்லை. அவன் நினைத்தான், பக்கத்து வீட்டானுக்கு இருக்கும் என்று. பக்கத்து வீட்டானும் அதேதான் நினைத்தான். கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. குவார்ட்டர்ஸ் ஆட்கள் எங்கே போனாலும் முதலில் ரேஷன் கார்டையும் ஓட்டையும் மாற்றிவிடுவோம். உலகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், போங்கள்.

எண்ணிக்கை நாளில் பூத் வாரியாக வாசித்தார்கள். எங்கள் குடியிருப்புக்கான பூத்தில் எனக்கு விழுந்தது, என் வீட்டில் காபி குடித்தவர்கள் எண்ணிக்கைக்குக்கூடத் தேறவில்லை. பக்கத்தில் நின்ற ஏஜென்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அடுத்தது சந்துக்காரர்களின் பூத். அதில் இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த ஓட்டை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அண்ணாத்தே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஜெயித்தது அவர் மனைவிதான், அதில் சந்தேகமே இல்லை. வார்டின் மற்ற தெருக்களில் என்னை யாருக்கும் தெரியாது, டெபாசிட்டும் போயிற்று. ஆனால் அவருடைய சொந்தச் சந்தில், அவர் தண்ணீர் விட்ட வீடுகளில், வீட்டுக்கு ஒரு ஓட்டாவது எனக்கு விழுந்திருந்தது. நான் காலே வைக்காத சந்து. ஒருத்தி வாயால் வந்த ஓட்டு. அது எனக்குத் தெரிந்த அதே நொடியில் அவருக்கும் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தால் பட்டாசுப் புகைக்கு நடுவில் அவள் நிற்கிறாள். "இன்னா யக்கா, மூஞ்சி ஏன் இப்பிடிக் கீது? நம்ம சந்துல எப்பிடி! பாத்தியா?" என்று என் தோளை இடித்தாள்.

"உன் வண்டிம்மா," என்றேன்.

"அத வுடு. வா, பஜ்ஜி துன்னலாம்," என்றாள்.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சும்மா பயந்தோம் என்றுகூட நினைத்தேன். ஒரு காலையில் நடைபாதை ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஒரு லாரி வந்தது. அந்தத் தெருவில் இளநீர்க் கடை இருந்தது, பானிபூரி வண்டி இருந்தது, ஒன்றையும் தொடவில்லை. நேராக மரத்தடிக்கு வந்தார்கள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து ஓடினேன். நான் போவதற்குள் துணிகளையெல்லாம் அவள் தரையில் விரித்த போர்வையில் எடுத்து வைத்துவிட்டாள். பெட்டிக்குள் நெருப்பு இருந்தது. "இருப்பா, கை சுட்டுக்கப்போற," என்று லாரிக்காரனிடம் சொல்லிவிட்டுக் கரியைக் கீழே கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் ஒதுங்கி நின்றுகொண்டாள், வண்டியை லாரியில் ஏற்றினார்கள். கத்தியது நான் ஒருத்திதான். அண்ணாந்து பார்த்தால் பால்கனி பால்கனியாகத் தலைகள். ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் சட்டையும் பேன்டும்தான் அந்தப் போர்வையில் கிடந்தன.

சாயங்காலம் செயலாளரைப் பிடித்துச் சண்டை போட்டேன். "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு மேடம். பாக்கப்போனா நம்ம கேட் பக்கம் இப்ப வண்டி திருப்ப வசதியா இருக்கு," என்றார். அடுத்த சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? கவுன்சிலரம்மாவை. பொன்னாடை போர்த்தினார்கள். வாட்ஸ்அப்பில் அதே கைதட்டுகிற பொம்மை. வெட்கம் கெட்டவர்கள்!

லாரி வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே தனியாகப் போய் மனுவை நீட்டினேன், வண்டியைத் திரும்ப வைக்கவேண்டும் என்று. ஆபீஸில் என்னைத் தெரிந்த குமாஸ்தா வாங்கவே இல்லை. "இப்பதான் கவுன்சிலர் வந்துட்டாங்களேம்மா. வார்டு விஷயம்னா அவங்க மூலமா வாங்க," என்றார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முன்னே மாதிரி இல்லை. ஒவ்வொருவரும் தன் கவுன்சிலரோடு வருகிறார்கள், நேராக உள்ளே போகிறார்கள். பெஞ்சு காலியாக இருந்தது.

சரி, பிச்சைதான் எடுக்கவேண்டும் என்றால் எடுப்போம் என்று அண்ணாத்தே வீட்டுக்கே போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. நடுவில் அவர். கவுன்சிலரம்மா உள்ளேயிருந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நிலைப்படியிலேயே நின்றது.

"வாம்மா இஸ்திரிப் பொட்டி!" என்று சிரித்தார் அவர். "ஒக்காரு. உம்மேல எனக்குக் கோவமே கெடையாது."

"அப்ப வண்டியை விட்டுடுங்களேன்."

"நீ ஃப்ளாட்டும்மா. நீ எது வேணா பேசலாம், எதிர்த்துகூட நிக்கலாம். நாளைக்கே ஊட்ட வித்துட்டுப் போயிடுவ. அவ என் சந்துக்காரி. அவ பேச்சக் கேட்டு என் ஜனமே எனக்குக் குத்தல. நாளைக்கு எவன் என்ன மதிப்பான்? அவள வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. மறுநாளே வண்டி அங்க நிக்கும்."

அவர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. எழுந்து வரும்போது கவுன்சிலரம்மா கேட்வரைக்கும் கூட வந்தது. "நல்லா இஸ்திரி போடுவாங்க அவுங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அவளிடம் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். என் சுயநலம்தான், மறைப்பானேன். அவள் போய்விட்டால் எனக்கு யார்?

"மாட்டேன் யக்கா," என்றாள். "அதிகாரிங்க முன்னாடி கைய கட்டிகினு நின்னோம், அது வேற. அவுங்களுக்கு நம்மள தெரியாது. இவரு தெரிஞ்சே நிக்கச் சொல்றாரு. நான் ஓட்டு போட்டதுக்கு மன்னிப்பு கேக்கணுமா? ஓட்ட இன்னா திருடியா போட்டேன்?"

வானகரத்தில் பைபாஸுக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய குடியிருப்புகள் வந்திருந்தன. அங்கே அவள் தங்கை இருந்தாள். ஒரு மாதத்தில் இவளும் சந்து வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே போய்விட்டாள். போகும்போது என் புடவைகள் நாலைந்தை இஸ்திரி போட்டு எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். "கசக்காம வெச்சிக்க," என்றாள். நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

பொய் சொல்லக் கூடாது, கால்வாய் வந்தது. கவுன்சிலரம்மா பதவிக்கு வந்து, இரண்டாவது மழைக்கு முன்னால் தோண்டி, சிமெண்டு போட்டு, மூடியும் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கமும் போட்டார்கள், சந்திலும் போட்டார்கள். சந்துக்குள் இப்போது மழை பெய்தாலும் செருப்பு நனையாமல் நடக்கலாம். வருஷக்கணக்காக நாங்கள் கேட்டதை அவர்கள் ஒரே மூச்சில் செய்துவிட்டார்கள். ஜனநாயகம் வந்தால் வேலை நடக்கும் என்பது சரிதான். அந்த மூடிமேல் நின்று பார்த்தேன். சந்தோஷப்படவேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசமே போய்விட்டது.

போனில் பேசலாமே என்பீர்கள். அவளுக்குப் போன் பேசத் தெரியாது. ஒரு கையில் பெட்டி, "சொல்லு யக்கா, ம், நல்லாக் கீறேன், நீ? சரி, வெச்சிடட்டா?" அவ்வளவுதான். சத்தமாக வம்பளக்க அவளுக்கு எதிரில் ஆள் வேண்டும். இரண்டு முறை வானகரம் போனேன். அங்கே அவளைச் சுற்றி எப்போதும் வேலை, பக்கத்தில் உட்காரக்கூட இடமில்லை. நான் நின்றால் அவளுக்குச் சங்கடம். பிறகு குறைத்துக்கொண்டேன். மகளும் விடாமல் நச்சரிக்க, இந்தத் தடவை வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஃப்ளாட்டைப் பார்க்க ஆட்களும் வர ஆரம்பித்தார்கள்.

சமீபத்தில் இன்னொரு தேர்தல் வந்தது. கவுன்சிலர் தேர்தல் இல்லை, பெரிய தேர்தல். வழக்கம்போலக் கார் நிறுத்துமிடம் காலி. மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத மாடிகள். கட்டிடத்திலேயே நான் ஒருத்திதான் இருக்கிறேனோ என்று சந்தேகமாக இருந்தது. இங்கே என் கடைசி ஓட்டு, போட்டுவிட்டு வருவோம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து.

"யக்கா! இன்னா, இளைச்சுட்ட?"

சந்து பூத்துக்கும் எங்கள் பூத்துக்கும் ஒரே பள்ளிக்கூடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. தலையில் மல்லிப்பூ, கையில் கூடை, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறாள்.

"நீ எங்கடி இங்க? வானகரத்துல இல்ல போடணும்?"

"அங்க மாத்திக்கச் சொல்லி ஊட்டுக்கே வந்தாங்க. நான் மாத்தலையே."

"ஏன்?"

"இன்னா ஏன்? அங்க மாத்திகினா, அடுத்த வாட்டி நீ நிக்கும்போது உனக்கு யாரு குத்துவா? உங்க ஃப்ளாட்டுக்காரனுங்களா?" என்று சொல்லிவிட்டு அவளே பலமாகச் சிரித்தாள். வரிசையில் நின்ற சந்துப் பெண்களும் சிரித்தார்கள். போலீஸ்காரப் பெண் எங்களை முறைத்தது.

ஓட்டுப் போட்டுவிட்டு முனைக்குப் போனோம். கடை மூடியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாழைக்காயும் இருந்தது, வெங்காயமும் இருந்தது, வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெங்களூருக்குப் போகப்போவதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வானகரம் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, பஸ் நகரும்போது கட்டைவிரலால் குத்துகிற மாதிரி காற்றில் அமுக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்ததால் திரையில் என் முகம் தெரியவில்லை என்றாள். வீடு பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள், சாமான்களை எப்போது அனுப்பலாம் என்று கேட்டாள்.

"நான் வரலைடி," என்றேன்.

"என்னம்மா இது, சரின்னு சொன்னியே! அங்க யாரு இருக்கா உனக்கு?"

"என் ஓட்டு இங்க இருக்கு."

"அதை இங்கயே மாத்திக்கலாம்மா. போன்லயே முடிஞ்சிடும்."

"தெரியும்," என்றேன். "மாத்தமாட்டேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.